கடித்தவர் சொல்ல வேண்டும்

சிங்கப்பூர் சைனா டவுனில் ஒரு பழைய கடைக்குள் நுழைந்தேன். சாக்கிலிருந்து ஒரு தக்கோலத்தை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன். கடக்கென்று ஒரு சத்தம். தக்கோலம் அப்படியே இருந்தது. என் வலது கடைவாய்ப் பல்தான் போயிற்று.

தக்கோலம் என்றால் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூ. திருவனந்தபுரத்தில் தக்கோலம் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். ஆரியசாலையில் அதையும் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், மிளகையும் மொத்தமாக விற்கும் கடை என்னுடையது. அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியில் அவருக்குப் பிறகு நான் உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலியின் ஒரு கால் குட்டை. அதற்குக் கீழே இன்றைக்கும் ஒரு ஜாதிக்காய் ஓடு கொடுத்து வைத்திருக்கிறேன்.

பல் உடைந்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் அடுத்த நிமிஷம் நான் ஒரு காரியம் செய்தேன், வலியை விடக் கேவலமான காரியம். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் தம்பானூர் மழைவெள்ளத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். "எப்போது பார்த்தாலும் நாலு தெருவையே சுற்றிச் சுற்றி வருகிறீர்களே, வெளியூர் எங்கும் போனதில்லையா?" என்று கேட்கிறார். போயிருக்கிறேன் ஐயா. ஒரே ஒரு தடவை விமானம் ஏறினேன். பல்லைக் கொடுத்துவிட்டு வந்தேன். போதுமா?

ஒரு கையெழுத்துக்காக ஒரு பயணம்

சில வருஷங்களுக்கு முன்னால் கொச்சியிலிருந்து ஒரு டிசைன் கம்பெனி எங்கள் தெருவைத் தேடி வந்தது. எங்கள் தெருவில் பாரம்பரியம் இருக்கிறதாம். எலி இருக்கிறது, சாக்கடை ஓடை நாற்றம் இருக்கிறது, காலையில் லாரி வந்து நின்றால் ஒரு சைக்கிள் போக வழி இருக்காது. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். பாரம்பரியம் இருப்பது அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

திட்டம் இதுதான். மொத்த வியாபாரம் முழுவதும் பைபாஸ் பக்கம் புதிதாகக் கட்டப்போகும் ஒரு கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். எங்கள் கடைகளின் முகப்பைப் பழைய மாதிரியே புதுசாக்கி, உள்ளே காபிக் கடை, பொம்மைக் கடை, நின்று போட்டோ எடுக்க ஒரு மூலை என்று வைப்பார்கள். தெருவில் பாதிக்கு மேல் கடைக்காரர்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டால் போதும், மீதிப் பேரும் காலி செய்ய வேண்டியதுதான். பழையதை இடித்துவிட்டுப் பழைய மாதிரியே கட்ட எதற்கு இத்தனை படித்தவர்கள் என்று கேட்டேன். அதற்கு ஒரு பெரிய இங்கிலீஷ் வார்த்தை சொன்னார்கள். நான் மறந்துவிட்டேன்.

எங்கள் சங்கத் தலைவர் மாணிக்கம் அண்ணாச்சிக்கு இந்தத் திட்டத்தில் அவ்வளவு ஆசை. அவர் கடை என் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. நாகர்கோவில் பக்கத்து ஆள். மனுஷன் கெட்டவர் இல்லை. முழங்கால் முட்டு இரண்டும் போய்விட்டது. மாடியில் இருக்கும் கோடவுனுக்கு ஏணிப்படி ஏறி இறங்க முடியவில்லை. ஒவ்வொரு மழைக்கும் கடைக்குள் தண்ணீர் ஏறி, கீழ் வரிசைச் சாக்கு நனையும். கடையை ஒரு காபிக் கம்பெனிக்கு விட்டுவிட்டு நிம்மதியாக உட்காரலாம் என்று நினைத்தார். அதில் தப்புச் சொல்ல முடியுமா?

ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. "விழிஞ்ஞம் துறைமுகத்துல மலை மாதிரி கப்பலா வருதுல்லா சரசு. இனி வெளிநாட்டுக்காரன் எல்லாம் இங்கதானே வந்து இறங்குவான்" என்றார்.

"அது கண்டெய்னர் கப்பலாக்கும் அண்ணாச்சி. டூரிஸ்ட்ட பெட்டிக்குள்ள அடைச்சா கொண்டு வரப் போறாங்க?" என்று கேட்டேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தெரு தயங்குவதைப் பார்த்துவிட்டு, இப்படி மாற்றி முடித்த ஓர் இடத்தை நேரில் காட்டுகிறோம், இரண்டு பேர் வாருங்கள் என்று கம்பெனி சொன்னது. இடம் சிங்கப்பூர் சைனா டவுன். அண்ணாச்சி தலைவர், அவர் போவதில் அதிசயமில்லை. இரண்டாவது ஆளாக என்னைக் கூட்டிக்கொண்டு போனதற்குக் காரணம் என் நாக்கு. அதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும்.

எங்கள் தெருவின் சட்டம்

எங்கள் தெருவில் சரக்கை மோந்து பார்ப்பவர்கள் உண்டு. கையால் நொறுக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. நான் கடித்துப் பார்ப்பவள். கடிப்பதற்குச் சட்டம் இருக்கிறது. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறினவரை எந்தக் கடையிலும் ஏற்ற மாட்டார்கள்.

கடித்த துண்டு மறுபடி சாக்குக்குள் போகக் கூடாது. கீழேயும் துப்பக் கூடாது. விற்பவர் உள்ளங்கையை நீட்டுவார், அதில் வைக்க வேண்டும். வைத்த கையோடு, சரக்கு நல்லதா மோசமா என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். கடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகக் கூடாது. கடித்தவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கேட்பதற்கு அருவருப்பாக இருக்கிறதா? இருக்கட்டும். கொரோனா காலத்தில் நாங்களும் நிறுத்தி வைத்தோம். முகமூடி போனதும் முதல் வேலையாக மறுபடி கடிக்கத் தொடங்கினோம்.

அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது நான் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பொம்பளைக்கு நாக்கு வீட்டில் சண்டை போடத்தானே என்று ஒருவர் அப்பாவிடமே சொன்னார். அந்த நாட்களில் சாலைக் கம்போளச் சந்தையிலிருந்து ஒரு பெரிய மொத்த வியாபாரி புதுத் தக்கோலம் கொண்டு வந்தார். அங்கே இருந்த ஆண்கள் எல்லோரும் மோந்து பார்த்துவிட்டு, ஒண்ணாந்தரம் என்றார்கள். நான் ஒரு இதழைக் கடித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு வந்து மரத்துப்போயிற்று.

வியாபாரி சிரித்துக்கொண்டே உள்ளங்கையை நீட்டினார். நான் துண்டை வைத்துவிட்டு, இது தக்கோலமே இல்லை, பார்க்க அதுபோல இருக்கும் விஷக்காய், விற்காதீர்கள் என்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெரிய மனுஷனிடம் அப்படி யாரும் பேசினதில்லை. அவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் வேறெங்கோ விற்றார். மூன்றாம் நாள் ஒரு ஓட்டலில் பிரியாணி தின்றவர்கள் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு தெருவில் யார் கடைக்குப் புதுச் சரக்கு வந்தாலும் ஒரு பிடி என் மேஜைக்கு வரும். சிரித்த ஆண்களே கொண்டுவந்து வைத்தார்கள். நல்லது என்றால் இறக்குவார்கள், மோசம் என்றால் லாரி திரும்பும். ஒரு நாளும் நான் மாற்றிச் சொன்னதில்லை. கல்யாணமான முதல் தீபாவளிக்கே மாமியார் வைத்த குழம்பை மோசம் என்று சொல்லிப் பெயர் வாங்கினவள் நான். எனக்கா பொய் சொல்லத் தெரியும்?

அதனால்தான் அண்ணாச்சி கம்பெனிக்காரர்களிடம் ஒரே வார்த்தையில் முடித்தார். சரசு போய்ப் பார்த்து நல்லது என்று சொன்னால் தெரு முழுக்கக் கையெழுத்துப் போடும் என்றார். என் கடையும் தெருவும் போவதும் இருப்பதும் என் வாயில் வந்து நின்றது அப்படித்தான்.

கழுவி வைத்த தெரு

எங்களோடு வந்தது கம்பெனியின் ஆர்க்கிடெக்ட், நீலிமா என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும். நல்ல சுறுசுறுப்பு. எதைப் பார்த்தாலும் போனில் படம் எடுத்தாள். சாப்பிடும் முன் தட்டைப் படம் எடுத்தாள். தட்டு காலியானதும் அதையும் எடுத்தாள்.

சைனா டவுன் ரயில் நிலையத்தில் இறங்கினதும் முதலில் என் கண்ணில் பட்டது தமிழ். சீனாக்காரர்கள் பேட்டையின் பெயரைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்களுக்கு வழி விடாமல் அங்கேயே நின்றுவிட்டேன். ஆரியசாலையில் என் கடைப் பலகையிலேயே மலையாளம் பெரிதாக மேலே இருக்கும், இங்கிலீஷ் நடுவில், தமிழ் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கும். அன்று காலை முழுவதும் நான் வழியில் இருந்த தமிழ்ப் பலகைகளை ஒன்றுவிடாமல் எழுத்துக்கூட்டிப் படித்தேன். குப்பை போடாதீர்கள் என்பதைக்கூட இரண்டு தடவை படித்தேன். பின்னால் வரப்போகிற வெட்கக்கேட்டுக்கு இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்தால் நடுத் தெருவில் மாரியம்மன் கோயில். சீனாக்காரன் பேட்டைக்கு நம் அம்மன் காவல். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டேன். அது ஒன்றில்தான் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

மற்றதைச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் பழைய கடைவீடுகள். ரோஜா நிறம், பச்சை நிறம், வெண்ணெய் நிறம். மரச் சன்னல்கள் எல்லாம் நேற்றுத்தான் தேய்த்துக் குளிப்பாட்டினதுபோல. கடைக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்கு நிழல் நடை. மேலே சிவப்பு விளக்குகள் கொத்துக் கொத்தாக. அந்தக் காலத்தில் இந்த நடையில்தான் மூட்டை இறங்கும், ஆட்கள் படுப்பார்கள், கடிதம் எழுதித் தருபவர் உட்கார்ந்திருப்பார் என்று நீலிமா போனைப் பார்த்துப் படித்துச் சொன்னாள். இப்போது அங்கே விசிறி விற்கிறது. பத்துக் கடை ஏறி இறங்கினேன். பத்திலும் அதே விசிறி, அதே சாவிக்கொத்து, குளிர்பெட்டியில் ஒட்டும் அதே காந்தப் பொம்மை. சுட்ட இறைச்சியும் டுரியான் பழமும் மட்டும் உண்மையாக நாறின. மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

லாரி இல்லை. மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் இல்லை. வழி விடு என்று ஒரு சத்தம் இல்லை. ஒருவரையொருவர் திட்டாத கடைத்தெருவை நான் அன்றுதான் பார்த்தேன்.

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். ஓரிடத்தில் குனிய முடியாமல் குனிந்து ஓடையைப் பார்த்தார். தண்ணீர் தெளிவாக ஓடியது. "ஓடையப் பாரு சரசு, முகம் தெரியுது" என்றார். அதற்கும் ஏதோ கேலி சொன்னேன். இப்போது யோசித்தால், ஓடும் ஓடையைக் கேலி செய்யும் உரிமை எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கிடையாது.

புஸ்

ஒரு சந்துக்குள் திரும்பினோம். அங்கேதான் அந்தக் கடை. வாய் திறந்த சாக்குகள் வரிசையாக. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். தூக்குத் தராசு. ஒரு சீனப் பரணி, எங்கள் வீட்டில் மாங்காய் ஊறப்போடுகிற ஜாடியின் அதே பழுப்பும் மஞ்சளும். மூலையில் மர நாற்காலி, அதில் நீலச் சட்டையோடு ஒரு கிழவர்.

அடடா, கடைசியில் ஒரு கடை! காலையிலிருந்து பசியாக இருந்தவள் சோற்றுப் பானையைப் பார்த்ததுபோல உள்ளே ஓடினேன். முதல் சாக்கில் தக்கோலம். கையை விட்டேன். ஓரத்து இடைவெளியில் நாலு விரல் இறங்கினதும் கீழே பலகைபோல ஏதோ தட்டியது. அப்போதே புரிந்திருக்க வேண்டும். வருஷக் கணக்கான பழக்கம், கை அதன்பாட்டுக்கு ஓரத்தில் ஒன்றைப் பற்றி இழுத்தது. பிசுக்கென்று பிய்ந்து வந்தது. அதுவும் உறைக்கவில்லை. வாயில் போட்டேன்.

பல் உடைந்த பிறகுதான் ருசி தெரிந்தது. பசை. அதற்கு மேல் வார்னிஷ்.

அந்த நேரம் பார்த்து என் தலைக்கு மேலே சுவரில் இருந்த ஒரு வெள்ளைப் பெட்டி, புஸ் என்று மூச்சு விட்டது. பட்டை மணம் இறங்கி வந்தது. கடையில் ஒரு துண்டுப் பட்டை கிடையாது, மணம் மட்டும் நேரத்துக்கு நேரம் பெட்டியிலிருந்து வருகிறது. அது கடையே இல்லை, காட்சிக்கு வைத்த கடை. பக்கத்தில் நாலு மொழியில் பலகை இருந்தது. தமிழிலும் இருந்தது, கொட்டை எழுத்தில்: தொடாதீர்கள். அன்று முழுவதும் நான் படிக்காமல் விட்ட தமிழ் அது ஒன்றுதான்.

நீட்டிய கை

கிழவர் எழுந்து வந்தார். திட்டப்போகிறார், போலீஸைக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சீனாக்காரர்களுக்கு இந்த வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அவர் கடையில் இருந்திருக்கிறது. தக்கோலத்தையும் உடைந்த பல் துணுக்கையும் அவர் கையில் வைத்தேன். அவர் கையை இழுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடித்தவள் சொல்ல வேண்டுமே, அதற்காகக் காத்திருந்தார்.

வாசலில் அண்ணாச்சியும் நீலிமாவும் வந்துவிட்டார்கள். நீலிமாவின் போன் என்னைப் பார்த்து உயர்ந்திருந்தது. "எப்படி இருக்கு சரசு?" என்று அண்ணாச்சி கேட்டார். அடுத்தவர் நாட்டில், தொடாதே என்று எழுதியிருந்ததைத் தொட்டு, பிய்த்து, கடித்து, பல்லையும் உடைத்துக்கொண்டு நிற்கிறேன். தெருவில் பெரிய நாக்குக்காரி. உண்மையைச் சொன்னால் ஆரியசாலை முழுக்க ஒரு வருஷம் சிரிக்கும்.

பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு, "குட், வெரி குட்" என்றேன்.

அண்ணாச்சிக்குத் திருப்தி. இரண்டு பேரும் அடுத்த அறைக்குப் போனார்கள். கிழவர் போகவில்லை. எங்கள் இருவருடைய இங்கிலீஷும் கடைத்தெரு இங்கிலீஷ், சிக்கலில்லாமல் புரிந்தது. வியாபாரியா என்று கேட்டார். அப்பா காலத்திலிருந்து என்றேன்.

"பிறகு ஏன் நல்லதுன்னு சொன்ன?"

நான் பேச்சை மாற்றி, இது யார் கடை என்று கேட்டேன். அது அவருடைய அப்பாவின் கடையாம். அந்த நாற்காலியும் அப்பாவுடையதாம். கடை போய் எத்தனையோ காலத்துக்குப் பிறகு, இதைக் காட்சியாக வைத்தவர்கள் அவரையே கூப்பிட்டுச் சட்டை கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை. என் முகம் ஐயோ பாவம் என்று போயிருக்க வேண்டும். அவருக்கு அது பிடிக்கவில்லை.

இந்த மாடியில் அன்று நாலு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ், இன்று பன்னிரண்டாவது மாடியில் என் வீடு, லிப்ட் இருக்கிறது, சாக்குத் தூக்கின முதுகு இப்போதுதான் நிமிர்ந்திருக்கிறது, உன் பரிதாபத்தை எடுத்துக்கொண்டு போ என்று கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளங்கையை என் முன்னால் ஆட்டினார். "அப்பா இருந்திருந்தா, கடிச்சுட்டுப் பொய் சொன்னவளை இந்த வாசல் ஏத்த மாட்டார்."

அவ்வளவு இளப்பமாக என்னை யாரும் பார்த்ததில்லை. பெரிய மனுஷர்களை எல்லாம் அப்படிப் பார்த்த கண் என்னுடையது. அன்று எனக்குத் திரும்பி வந்தது.

கால்சட்டைப் பையிலிருந்து ஒரு தக்கோலத்தை எடுத்துத் தந்தார். உண்மையானது. தினமும் ஒன்று கொண்டுவருவாராம், பெட்டி விடும் மணம் தலைவலி தருகிறதாம். இடது பக்கமாகக் கடித்தேன். இனிப்பு நீண்டு வந்தது. நல்லது என்றேன். தலையை ஆட்டினார். பசைத் தக்கோலத்தையும் பல் துணுக்கையும் ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒரு குடும்பம் படம் எடுக்க வந்திருந்தது.

என் மூக்கோடு ஒரு பொம்மை

ஊருக்கு வந்து கொஞ்ச நாளில் தெருமுனையில் ஒரு பிளக்ஸ் எழுந்தது. சாக்குகளுக்கு நடுவே நிற்கும் நான். வலியில் இளித்த பல் வரிசை அதில் ஆனந்தச் சிரிப்பாக இருந்தது. மலையாளத்திலும் இங்கிலீஷிலும் பாரம்பரியத்தைப் பற்றி ஏதோ எழுதியிருந்தார்கள். தமிழில் ஒரு எழுத்து இல்லை. சிங்கப்பூரில் நல்ல ஊண் கிடைத்தது போலிருக்கே சேச்சி என்று சுமட்டுக்காரர்கள் கேட்டார்கள்.

பிறகு சங்கத்தில் கூட்டம். தெருக் கடைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நீலிமா திரையில் வீடியோ போட்டாள். "குட், வெரி குட்" என்று என் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. அடுத்து எங்கள் தெருவின் புது வரைபடம். என் கடை இருக்கும் இடத்தில் ருசி மையம். சாக்குகள், தராசு, ஒரு நாற்காலி. நாற்காலியில் தங்கக் கசவுக் கரை போட்ட மலையாளத்துச் செட்டு முண்டு உடுத்து ஒரு பெண். என் ஜென்மத்தில் நான் செட்டு முண்டு உடுத்தினதில்லை. ஆனால் மூக்கு என்னுடையது.

"இது சேச்சி தன்னே, நீங்கதான்" என்று நீலிமா சந்தோஷமாகச் சொன்னாள். பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை உட்கார்ந்தால் போதுமாம். அந்தப் பெண் நல்ல மனசோடுதான் சொன்னாள், அதுதான் சங்கடம். நான் படத்தில் அந்தத் தலைக்கு மேலே பார்த்தேன். சுவரில் சின்னதாக ஒரு வெள்ளைப் பெட்டி வரைந்திருந்தது.

"சரசு கடிச்சுப் பாத்துச் சொல்லியாச்சு. இனி என்ன?" என்றார் அண்ணாச்சி. சட்டைப் பைகளிலிருந்து பேனாக்கள் வெளியே வந்தன.

நான் ஒருத்தி கையெழுத்துப் போடாமல் இருந்து பிரயோஜனமில்லை. பாதிப் பேர் போட்டால் போதும், அவர்கள் போடுவது என் வாக்கை நம்பி. அந்த வாக்கு பொய் என்று சொன்னால் கடை தப்பும், நாக்கு போகும். சொல்லாவிட்டால் நாக்கு தப்பும், நாக்கு வேலை செய்யக் கடை இருக்காது. இவ்வளவு யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். உண்மையில் அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன்.

"கைய நீட்டுங்க அண்ணாச்சி."

பழக்கத்தில் நீட்டினார். பர்ஸிலிருந்து காகிதத்தைப் பிரித்து, பசைத் தக்கோலத்தையும் பல் துணுக்கையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"சரக்கு மோசம். பசையும் வார்னிஷுமாக்கும். வெக்கத்துல அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

அண்ணாச்சி கையிலிருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ இத்தன வருஷம் நீ சொன்னதுல எதெல்லாம் பொய்?"

"அது ஒண்ணுதான்."

"அதையும் நீதானே சொல்லுத."

நான் பர்ஸை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்று நாள் ரிப்போர்ட்

பேனாக்கள் பைக்குத் திரும்பின. கம்பெனி திரையைச் சுருட்டிக்கொண்டு போனது. வேறு ஊரில் வேறு தெருவில் பாரம்பரியம் கண்டுபிடித்துவிட்டதாகக் கேள்வி. பிளக்ஸ் மட்டும் மழைக்குக் கிழியும் வரை நின்றது. தினமும் காலையில் என் பொய்ச் சிரிப்பைக் கடந்துதான் நான் கடை திறந்தேன்.

மறுநாள் என் மேஜைக்குச் சாம்பிள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. என் எதிரே லாரி லாரியாகச் சரக்கு இறங்கியது, ஒரு பிடி என் பக்கம் வரவில்லை. லேபுக்கு அனுப்புகிறார்களாம். மூன்று நாள் கழித்து ரிப்போர்ட் வரும். ஈரம் எத்தனை, சாம்பல் எத்தனை என்று இரண்டு பக்கம். ருசி என்று ஒரு வரி கிடையாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கடைக்குள் இருந்தபடி உரக்கச் சொல்வேன். கேட்கத்தான் ஆள் இல்லை. அண்ணாச்சி எதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பேப்பரை என் பக்கம் மறைப்பாகப் பிடித்திருப்பார்.

எனக்கு வருத்தமில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது நான் சொன்ன இரண்டாவது பொய்.

ஆறேழு மாசம் போயிருக்கும். ஐப்பசித் துலாவர்ஷ மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலை. அண்ணாச்சி கடைக்குப் பட்டை வந்து இறங்கியது. சுமட்டுக்காரர்கள் முதல் சாக்கைத் திறந்து வைத்தார்கள். காற்று என் பக்கம் அடித்தது. பட்டை மணத்துக்கு அடியில் வேறு ஒன்று இருந்தது, நனைந்த சுவர்போல ஒரு வாடை.

பேசாமல் இருக்கலாம். யாரும் கேட்கவில்லையே. கேட்காமல் போய் மூக்கை நுழைப்பதற்கு எனக்கென்ன வந்தது? இப்படி நினைத்துக்கொண்டே தெருவைக் கடந்தேன்.

அண்ணாச்சி பேப்பரைத் தாழ்த்தினார். நான் அனுமதி கேட்கவில்லை. சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டேன். தடுக்கப் பலகை இல்லை. அடியிலிருந்து ஒரு சுருளை உருவி இடது பக்கமாகக் கடித்தேன். வலது பக்கம் இப்போது டாக்டர் வைத்த பல், அதற்கு ருசி தெரியாது.

கடித்துவிட்டு நின்றேன். சுமட்டுக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணாச்சி கையை நீட்டவில்லை. என்னால் கீழே துப்பவும் முடியாது, சாக்கில் போடவும் முடியாது. வாயில் பூசணத்தோடு அங்கேயே நின்றேன். அவர் பேப்பரை மடித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு மெதுவாக உள்ளங்கை வந்தது.

துண்டை வைத்தேன். "மேல காஞ்சது, அடியில பூசணம். மழையில நனைஞ்சத வெயில்ல உணக்கி அடுக்கியிருக்கான். மோசம் அண்ணாச்சி."

"முன்னால வந்த சாம்பிளுக்கு லேப் ரிப்போர்ட் சரின்னு வந்திருக்கு."

"லேபுக்குப் பல்லு உண்டா?"

அவர் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, சாக்கின் வாயை இழுத்துக் கட்டிவிட்டு, லாரியைக் கொஞ்சம் நிற்கச் சொன்னார்.